மேடை ஏறாத நாடகமே பேச வைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்குப் பேச வரவில்லை என்ற குறை எழும்போதெல்லாம், கலைகளைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற யோசனையும் கூடவே வருகிறது. நாடகம், இசை, ஓவியம், நடனம் சொல்லிக்கொடுக்கும் நாங்கள் அதை மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த யோசனை பெரும்பாலும் போய் நிற்கும் இடம் விழா மேடைதான். ஏற்கெனவே நன்றாகப் பேசும் பத்துப் பேரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஆசிரியர் எழுதிய வசனத்தை அவர்கள் ஒரு மாதம் உருப்போடுகிறார்கள். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். யாருக்குப் பயிற்சி தேவையோ அவர்களுக்கு உட்கார்ந்திருக்கும் பயிற்சிதான் கிடைக்கிறது.

மேடை ஏறிய அந்தப் பத்துப் பேருக்கும் இதில் பெரிய லாபமில்லை. வசனத்தை உருப்போட்ட மாணவரின் கவனம் முழுவதும் அடுத்த வரியில் இருக்கும். எதிரே நிற்பவர் சொல்வதை அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசிச் சொல் காதில் விழுந்தால் போதும், தன் முறை வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். எதிரில் இருப்பவர் ஒரு வரியை மாற்றிச் சொல்லிவிட்டால் இருவருமே திகைத்து நிற்பார்கள். உரையாடல் என்பதே அடுத்தவர் சொல்லுக்கேற்ப நம் சொல்லை மாற்றிக்கொள்வதுதான். மனப்பாட நாடகம் அதைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது.

கலைவழிப் பயிற்சி பேச்சை வளர்க்க வேண்டுமானால் அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற நிலை இருக்க வேண்டும். சொன்னது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அங்கேயே, அப்போதே தெரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஒரு பென்சிலும் தாளும்கூடப் போதும். அதனால் ஓவியத்திலிருந்தே தொடங்குகிறோம்.

இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒருவர் கையில் ஆறிலிருந்து எட்டுப் பொருள்கள் உள்ள எளிய படம்: ஒரு வீடு, பக்கத்தில் மரம், அதில் ஒரு பறவை, கூரைக்குப் பின்னால் பாதி மறைந்த சூரியன், சுவரில் சாய்த்த சைக்கிள், இப்படி. மற்றவர் கையில் வெற்றுத் தாளும் பென்சிலும். படம் வைத்திருப்பவர் நான்கு நிமிடம் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். முதல் சுற்றில் வரைபவர் வாய் திறக்கக் கூடாது. பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் சுற்றில் நடப்பது ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் ஒன்றுதான். வீடு தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு, மரத்துக்கு இடமில்லாமல் போயிருக்கும். அளவை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் தாளை நெடுக்காகப் பிடித்திருப்பார், மற்றவரின் படமோ குறுக்காக இருக்கும். ‘பக்கத்தில் மரம்’ என்றது இடப்பக்கமாகப் போயிருக்கும். ‘மேலே ஒரு பறவை’ என்றதால் பறவை மரத்தில் உட்காராமல் வானத்தில் பறக்கும். ‘சாய்ந்த சைக்கிள்’ தரையில் விழுந்து கிடக்கும். இந்த இடத்தில் ஆசிரியர் பொறுமை காக்க வேண்டும். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் விளக்க ஆரம்பித்தால் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும். ‘எந்த வாக்கியத்தால் படம் இப்படி ஆயிற்று?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். தாள் எந்த வாக்கில் இருக்கிறது என்பதையும் மொத்தத்தில் இது என்ன படம் என்பதையும் முதலில் சொல்ல வேண்டும், பெரியதிலிருந்து சிறியதற்குப் போக வேண்டும், ஒவ்வொரு பொருளின் இடத்தையும் ஏற்கெனவே வரைந்த ஒன்றை வைத்துச் சொல்ல வேண்டும், நடுநடுவே ‘இதுவரை என்ன வரைந்திருக்கிறாய்?’ என்று கேட்க வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே கரும்பலகையில் எழுதினால் போதும்.

இரண்டாம் சுற்றில் வேறு படம்; சொன்னவர் வரைவார், வரைந்தவர் சொல்வார். இம்முறை வரைபவர் கேள்வி கேட்கலாம். இரு தாள்களுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு முன்னால் குறையும். ‘நான் சரியாகத்தான் சொன்னேன், அவன்தான் தப்பாக வரைந்தான்’ என்ற சண்டை நிச்சயம் வரும். அதற்கு முன்கூட்டியே விதி வைத்துவிட வேண்டும்: முதல் சுற்றில் பிழை எல்லாம் சொன்னவருடையது, இரண்டாம் சுற்றில் இருவருடையதும். மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால், சரியான இடத்தில் இருக்கும் பொருள்களை மட்டும் எண்ணுங்கள். படத்தின் அழகைப் பாராட்டத் தொடங்கினால் வரையத் தெரிந்தவர்களின் வகுப்பாகிவிடும். வண்ணப் பென்சில் வேண்டவே வேண்டாம். வண்ணம் கைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும்.

படத்தைப் பார்த்துப் பேசுவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. உளவியலாளர் அபிகேல் ஹவுசன், அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைன் இருவரும் உருவாக்கிய முறை அது. மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? படத்தின் தலைப்பையும் வரைந்தவர் பெயரையும் சொல்லாமல், ஒரே படத்தில் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். மாணவர் சொல்வதை ஆசிரியர் படத்தில் தொட்டுக்காட்டி, வேறு சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘சரி’, ‘அருமை’ இரண்டும் கூடாது. ‘அருமை’ என்ற சொல் விழுந்த நொடியில், விடை கிடைத்துவிட்டது என்று மற்றவர்கள் கையை இறக்கிவிடுகிறார்கள். இரண்டாவது கேள்விதான் இதன் உயிர். ‘அவர் கோபமாக இருக்கிறார்’ என்ற தீர்ப்பு, ‘புருவம் சுருங்கியிருக்கிறது, விரல்கள் மடங்கியிருக்கின்றன’ என்ற சான்றாக மாறுவது அந்தக் கேள்வியில்தான்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் பதிவுசெய்தார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இனி நாடகம். 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டிரண்டு பேராக முன்னால் வந்து இரண்டு நிமிடம் நடித்தால் 20 இணைகளுக்கு 40 நிமிடம், அதாவது பாடவேளை முழுதும் போய்விடும். ஒவ்வொருவரும் பேசியது இரண்டு நிமிடம், சும்மா இருந்தது 38 நிமிடம். 20 இணைகளும் ஒரே நேரத்தில், பார்வையாளரே இல்லாமல் நடித்தால் அதே பயிற்சி இரண்டு நிமிடத்தில் முடிகிறது. மீதி நேரத்தில் ஆளை மாற்றி, வேடத்தை மாற்றி மேலும் பலமுறை செய்யலாம். கூச்சப்படும் மாணவருக்கு, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பதே பாதி மருந்து.

இதற்கு வசனம் எழுதித்தர வேண்டாம், துண்டுச்சீட்டு போதும். ஒவ்வொரு சீட்டிலும் நீ யார், உனக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறாய் என்று மூன்று வரிகள். எடுத்துக்காட்டாக ஒரு சீட்டில்: நண்பனின் சைக்கிளை இரவல் வாங்கியிருந்தாய், நாளையும் அது உனக்கு வேண்டும், சாவியைத் தொலைத்துவிட்டதை இன்னும் சொல்லவில்லை. மற்றதில்: சைக்கிள் உன்னுடையது, இன்றே அது உன் கைக்கு வரவேண்டும், நாளைக்கு அதை வேறொருவனுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டாய், இவன் மனம் நோகுமே என்று மறைக்கிறாய். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது.

பல காட்சிகள் இருபது நொடியில் ‘தரமாட்டேன் போ’ என்று முடிந்துவிடும், அல்லது கத்தலில் போய் நிற்கும். பிள்ளைகளுக்கு நடிக்க வரவில்லை என்று ஆசிரியர் நினைப்பார். பெரும்பாலும் குறை சீட்டில் இருக்கும். ‘உனக்கு வேண்டும்’, ‘நீ தரக் கூடாது’ என்று இரண்டு பிடிவாதங்களை மட்டும் எழுதிக் கொடுத்தால் சண்டை தவிர வேறு எதுவும் வராது. இருவருக்கும் ஒருவரையொருவர் இழக்க முடியாத காரணம் ஒன்றும், மறைக்க வேண்டிய ஒன்றும் இருந்தால்தான் ஆள் யோசித்துப் பேசுவார். இரண்டு நிமிடத்துக்கு முன் யாரும் விலகக் கூடாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முடிந்ததும், பேச்சு எந்த வாக்கியத்தில் கெட்டது என்று இணையிடமே கேட்டு, அந்த வாக்கியத்திலிருந்து மறுபடி ஆடவைக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர் காட்சியை நிறுத்தி, ஒரு பாத்திரத்துக்குப் பதிலாகத் தானே உள்ளே போய் வேறு விதமாக நடந்து பார்க்கும் முறையைப் பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் வளர்த்தெடுத்தார். வகுப்பு பழகியபின் அதையும் செய்யலாம். ‘நீ இப்படிப் பேசியிருக்கலாம்’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்பவரை, ‘வா, வந்து பேசிக் காட்டு’ என்று கூப்பிடுவதுதான் அதன் சாரம். அறிவுரை சொல்வது எவ்வளவு சுலபம் என்பது அப்போது அவருக்கும் புரியும்.

ஆசிரியரே வேடமேற்கும் முறையும் உண்டு. பிரிட்டனில் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் இதை விரிவாகக் கையாண்டார். இதில் ஆசிரியர் அறியாதவராக வர வேண்டும்: ஊருக்குப் புதிதாக வந்தவர், வழி தவறியவர், இயந்திரத்தை இயக்கத் தெரியாத வேலையாள். மாணவர்கள்தாம் விளக்க வேண்டும். தோளில் ஒரு துண்டைப் போட்டால் வேடம், எடுத்தால் ஆசிரியர் என்று அடையாளம் வைத்துக்கொண்டால் சிறு பிள்ளைகளும் குழம்பமாட்டார்கள். ஆபத்து என்னவென்றால், சில ஆசிரியர்கள் மிக நன்றாக நடித்துவிடுவார்கள். உடனே வகுப்பு பார்வையாளராக மாறிப் பேச்சை நிறுத்திவிடும்.

தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. நம் பேச்சுநடை வேறு, எழுத்துநடை வேறு. ‘எழுந்து நின்று சொல்’ என்றதும் பிள்ளை எழுத்துநடைக்குத் தாவ முயல்கிறது. நாக்குப் பழகாத வினைமுற்றுகளைத் தேடுவதில் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதைக் கண்டு ‘பேச வரவில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். நாடகப் பயிற்சியில் வீட்டுப் பேச்சை, வட்டார வழக்கை அப்படியே அனுமதிக்க வேண்டும்; நடுவில் திருத்தவே கூடாது. அதன்பின் அதே விஷயத்தை இடம் மாற்றிச் சொல்லவைக்கலாம். சைக்கிள் சாவி தொலைந்த கதையை நண்பனிடம் சொல், தலைமையாசிரியரிடம் சொல், வானொலிச் செய்தியாக வாசி. மூன்று இடங்களிலும் வினைமுற்று மாறும், விளிக்கும் சொல் மாறும், எதை முதலில் சொல்வது என்பதும் மாறும். எழுத்துநடை தேவைப்படும் இடம் எது என்பது இலக்கண வகுப்பைவிட இங்கே விரைவாக மனதில் பதியும்.

இசைக்கு வருவோம். பாட்டுப் போட்டி நடத்துவதை நாங்கள் இங்கே சொல்லவில்லை. முதலில் மூச்சு. நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, எட்டு எண்ணும்வரை ‘ஸ்’ என்று சீராக வெளியே விட வேண்டும். சில வாரங்களில் அது பன்னிரண்டாகும். தோள் மேலே தூக்கினால் மூச்சு மார்பிலேயே நிற்கிறது என்று அறியலாம்; வயிறு அசைய வேண்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் கூச்சமல்ல, மூச்சு தீர்ந்துபோவது. தமிழில் வினை கடைசியில் வருவதால், கடைசிச் சொல்லை விழுங்கினால் ‘வந்தான்’ என்றாரா ‘வரவில்லை’ என்றாரா என்பதே தெரியாமல் போகிறது.

அடுத்து உச்சரிப்பு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரையைக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அளந்திருக்கிறது. எனவே கைநொடிப்பே தாளம். ‘படம், பாடம்’, ‘கல், கால்’, ‘விடு, வீடு’ என்று சோடி சோடியாக நொடித்தபடி சொல்ல, நெடிலைக் குறுக்கும் பழக்கம் சில நாளில் போகும். ‘மலை, மழை’, ‘பல்லி, பள்ளி’ போன்றவற்றுக்குத் தாளம் உதவாது. அங்கே நாக்கின் இடத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளும், அதாவது உடலிலும் குரலிலும் வெளிப்படும் உணர்வுகளும், குரல் பயிற்சிக்கு அருமையாகப் பயன்படும்: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). ‘கதவு திறந்திருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தை ஒருவர் ஏதேனும் ஒரு மெய்ப்பாட்டில் சொல்ல, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எது என்று சொல்ல வேண்டும். கண் திறந்திருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், குரலுக்கு வேலையிருக்காது. கண்டுபிடித்தபின் எதனால் தெரிந்தது என்று கேளுங்கள்: சுருதி ஏறியதா, வேகம் குறைந்ததா, எந்தச் சொல்லுக்கு முன் நிறுத்தினார்? சிறு வகுப்புகளுக்கு நகை, அழுகை, அச்சம், வெகுளி நான்கு போதும். இளிவரலை விளக்கவே ஐந்து நிமிடம் போகும்.

திக்கிப் பேசும் மாணவர்கள் பலர் சேர்ந்து பாடும்போதும், எல்லோருடனும் ஒரே குரலில் சொல்லும்போதும் தடையின்றிப் பேசுவதுண்டு. அந்த நேரத்து நிம்மதி உண்மையானது. ஆனால் அது சிகிச்சை அல்ல. தனியாகப் பேசும்போது திக்கல் திரும்பினால் ‘அப்போது மட்டும் நன்றாகச் சொன்னாயே’ என்று யாரும் கேட்கக் கூடாது. பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அனுப்ப வேண்டியதையும் தள்ளிப்போடக் கூடாது.

நடனத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் ஆடுவதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. நான்கு பேர் குழு, ஆளுக்கு இரண்டு எண்ணிக்கை வீதம் அசைவு சேர்த்து எட்டு எண்ணிக்கை ஆட்டம் ஒன்றைக் கட்ட வேண்டும். பிறகு அதை அடுத்த குழுவுக்கு ஆடிக் காட்டாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லாலேயே கற்பிக்க வேண்டும். ‘இப்படி’, ‘அப்படி’ என்ற சொற்களுக்குத் தடை. வலமா இடமா, எந்தக் கால் முதலில், எந்த எண்ணிக்கையில் திரும்புவது என்று துல்லியமாகச் சொல்ல நேரும். எதிரெதிராக நிற்பதால் வலது இடதாகும் குழப்பம் முதல் நிமிடத்திலேயே வரும், வரட்டும். தொடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான். சக்கர நாற்காலியில் இருப்பவர் குழுவில் இருந்தால் எட்டு எண்ணிக்கையும் இடுப்புக்கு மேல் அமையட்டும். ஆட்டத்தின் தரம் எதுவும் குறையாது.

40 நிமிடத்தில் பெஞ்சு நகர்த்த மூன்று, உடலும் குரலும் தயாராக ஐந்து, விதி சொல்ல இரண்டு, பயிற்சிக்கு இருபது, மீதிப் பத்து நிமிடம் பேசிப் பார்க்க. இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் மணியடிப்பதற்குப் பலிகொடுக்கிறார்கள். ‘எங்கே புரியாமல் போனது? எதைச் சொன்னபிறகு புரிந்தது?’ என்ற இரண்டு கேள்விகள் அங்கே கேட்கப்படாவிட்டால் பயிற்சி வெறும் விளையாட்டாக முடியும். ‘நன்றாக இருந்ததா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று ஒரே குரலில் பதில் வரும், அதனால் பயனில்லை. இரைச்சலுக்கு, ஆசிரியர் கையை உயர்த்தினால் பார்த்தவர்கள் எல்லாம் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும் என்ற சைகையை முதல் நாளே மூன்று நான்கு முறை பழக்கிவிட வேண்டும். கத்தி அடக்கப் பார்த்தால் இரைச்சல் கூடும்.

மதிப்பீடு பற்றிக் கேட்பார்கள். ஒரு வகுப்பில் ஐந்து பேரை மட்டும் கவனித்தால் எட்டு வகுப்புகளில் 40 பேரும் வந்துவிடுவார்கள். கேட்பவரை நோக்கித் திரும்பிப் பேசினாரா, அடுத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாரா, புரியவில்லை என்றபோது அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு விதமாகச் சொன்னாரா என்ற மூன்றும் போதும். நடிப்புக்கும் குரல் இனிமைக்கும் மதிப்பெண் வேண்டாம். பேசவே பேசாத பிள்ளைக்கு முதலில் நேரம் பார்க்கும் வேலை, பின்னணி ஒலி எழுப்பும் வேலை, பிறகு பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு வரி என்று படிப்படியாகத் தரலாம். ஆனால் நேரம் பார்ப்பவராகவே ஆண்டு முழுவதும் விட்டுவிடுவதும் நடக்கிறது. மூன்றாவது வாரத்துக்குள் ஒரு வரியாவது அவரிடம் போக வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் வாரம் ஒரு புகைப்படத்தைத் தலைப்பும் விளக்கமும் இல்லாமல் வெளியிடுங்கள். இரண்டு பேராவது அதில் இருக்கட்டும். அவர்கள் பார்க்கும் பொருள் படத்தின் விளிம்புக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. எங்கே, எப்போது, என்ன நடந்தபோது எடுத்தது என்பதை அடுத்த வாரம் அச்சிடுங்கள். நடுவில் இருக்கும் ஏழு நாள் வகுப்புகளுக்குப் போதும்.

இப்படிக்கு,
பள்ளிக் கலைப் பயிற்றுநர்கள் சிலர்